எஞ்சினை இறக்குவதற்கு முன்

பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்கு ஏறும் மலைச்சாலையும், மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்குப் போகும் வனப்பாதையும், செங்கோட்டைக்கு மேற்கே புளியரையின் எஸ் வளைவும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சோதனைக் களங்கள். திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மேடு வந்து, நான்காவது கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதுதான் உள்ளே ஒரு தட்டல் கேட்கும், வண்டியும் திணறும். “வண்டி இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி, உள்ள என்னமோ தட்டுது” என்று இரண்டு குறைகளும் ஒரே மூச்சில் பட்டறைக்கு வந்து சேரும். பதிலும் பெரும்பாலும் ஒரே மூச்சில் வரும்: எஞ்சினை இறக்கிப் பார்த்துவிடலாம். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது; அதே ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடரும் நின்றது. இன்று சாலையில் இருப்பவற்றில் பலவும் 20, 30 ஆண்டு உழைத்தவை. அவற்றின் எஞ்சினை இறக்குவது சின்ன முடிவல்ல. தட்டலும் இழுவைக் குறைவும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடை மற்றதன் விடைக்கு எதிராகக்கூட நிற்கும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியே அளந்து பார்க்க அரை நாள் போதும். இதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

நாக்கிங் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் முதலில் வருவது தீயால் எழும் தட்டல். ஆரோக்கியமான பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் பொறி பட்ட இடத்தில் தீ பிடித்து, சிலிண்டரின் மறுபக்கம்வரை சீராகப் பரவுகிறது. அந்தத் தீ வந்து சேர்வதற்குள், எட்டாத மூலையில் கிடக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தமும் சூடும் தாளாமல் தானாகவே பற்றிக்கொண்டால் சிக்கல். நொடிக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அதிர்வுகள் கொண்ட அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதுகிறது. தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியது போன்ற அந்தச் சத்தம் வெளியே கேட்பது இதனால்தான். சுமை அதிகம், சுழற்சி குறைவு, எஞ்சின் சூடு, பொறி விழும் நேரம் சற்று முந்தியிருப்பது, பெட்ரோலின் ஆக்டேன் போதாமை, எரியறையில் கரி படிந்திருப்பது ஆகியவை சேரும்போது இது வரும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் காரையாறுக்கு மேல் கியரில் ஏறும் காருக்கு இவற்றில் முதல் மூன்றும் கேட்காமலே கிடைத்துவிடுகின்றன. கீழ் கியருக்கு மாற்றியதும், அல்லது காலைத் தளர்த்தியதும் சத்தம் மறைந்தால், அது தீயின் தட்டல் என்று கருத வலுவான காரணம் இருக்கிறது.

இனி கம்ப்ரஷன். பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இழுத்த கலவையை எவ்வளவு அழுத்துகிறதோ அதைப் பொறுத்தே எஞ்சினின் சக்தி. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ, வால்வு சரியாக அமராவிட்டாலோ, ஹெட் கேஸ்கெட் கருகினாலோ அந்த அழுத்தம் கசிந்துவிடும். மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினில் மூன்றே சிலிண்டர்கள். ஒன்று சோர்ந்தால் சக்தியில் மூன்றிலொரு பங்கு போச்சு. நான்கு சிலிண்டர் அம்பாசிடரில் அதே கோளாறு கால் பங்கோடு நிற்கும். பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் குறைகிறது. அதாவது, கம்ப்ரஷன் போன சிலிண்டர் தீத்தட்டலைத் தணிக்க வேண்டுமே தவிரக் கூட்டக் கூடாது. ஆகவே ‘கம்ப்ரஷன் போச்சு, அதான் தட்டுது’ என்ற வழக்கமான தீர்ப்பு அப்படியே ஏற்கத்தக்கதல்ல. இரண்டும் ஒரே எஞ்சினில் சேர்ந்து வந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். கேட்பது தீத்தட்டலே இல்லாமல், பேரிங்கோ பிஸ்டனோ எழுப்பும் இரும்பின் தட்டலாக இருக்கலாம். அல்லது, ரிங் வழியே மேலேறிய எஞ்சின் ஆயில் எரியறையில் கரியாகப் படிந்து, பெட்ரோலின் ஆக்டேனையும் கெடுத்து, தட்டலைக் கிளப்பியிருக்கலாம். அல்லது, பல மாதத் தீத்தட்டலே பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பை உடைத்துக் கம்ப்ரஷனைப் போக்கியிருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இரும்பின் தட்டலைத் தீயின் தட்டலிலிருந்து பிரித்தறிய மலையேற வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மெதுவாக 2,000, 2,500 சுற்றுக்கு ஏற்ற வேண்டும். சுமையே இல்லாத இந்த நிலையில் தீத்தட்டல் அநேகமாக வராது. சத்தம் அப்போதும் கேட்டால் சந்தேகம் இரும்பின் மேல். கனமாக, அடிவயிற்றிலிருந்து வருவது போல இருந்து, ஆக்ஸிலரேட்டரை விடும் கணத்தில் இன்னும் தெளிவாகக் கேட்டால் கனெக்டிங் ராடு பேரிங். சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினால் அந்தச் சந்தேகம் உறுதிப்படும். காலையில் முதல் சில நிமிடம் மட்டும் தட்டிவிட்டு, சூடேறியதும் அடங்குவது தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் சாய்ந்து அடிப்பது. கேட்க மோசமாக இருந்தாலும் பல ஆண்டு அப்படியே ஓடும். மெல்லிய, சீரான ‘டிக் டிக்’ வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தம். பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் ஒவ்வொரு பிளக் ஒயராகச் சற்று நேரம் துண்டித்துப் பார்ப்பது நம் பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். எந்த சிலிண்டரைத் துண்டிக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அதன் ராடு பேரிங்கில்தான் வினை. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள, கணினி பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் இதை நீட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

அடுத்தது கம்ப்ரஷன் கேஜ். எளிய கருவிதான், ஆனால் கவனக்குறைவாகப் பயன்படுத்தினால் நல்ல எஞ்சினையும் நோயாளி ஆக்கிக் காட்டும். எஞ்சின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றி அளந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் திணறி எண் குறையும். காயிலின் ஒயரைப் பிடுங்கிப் பொறியையும், எம்.பி.எஃப்.ஐ. வண்டியானால் பம்ப் ஃபியூஸை எடுத்துப் பெட்ரோலையும் நிறுத்த வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். இதை மறந்தால் காற்று உள்ளே போகாமல் எல்லா சிலிண்டரும் செத்ததாகத் தெரியும். பேட்டரி முழு பலத்தோடு இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் சம எண்ணிக்கையில், ஐந்தாறு அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றி எண்ணைக் குறிக்க வேண்டும். வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் அளவுகோல் என்றாலும், பெட்ரோல் கார்களில் பொதுவாக 140 முதல் 180 பி.எஸ்.ஐ.க்குள் வரும், 100-க்குக் கீழே இறங்கினால் கோளாறு இருக்கிறது. ஆனால் தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். மூன்றும் 130 என்றால் அது சீராகத் தேய்ந்த முதிய எஞ்சின், இன்னும் ஓட்டலாம். 160, 155, 90 என்றால் மூன்றாவதில் குறிப்பான ஒரு நோய் இருக்கிறது, மற்ற இரண்டையும் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். இந்த ஒரு வரி எண்கள்தான் பல ஆயிரம் ரூபாய் வேலையைச் சில ஆயிரத்தில் முடிக்க வழிகாட்டுகின்றன.

குறைவான சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலைப் பிளக் ஓட்டை வழியே விட்டு மறுபடி அளந்தால் கதை இன்னும் தெளிவாகும். ஆயில் ரிங்கைச் சுற்றி இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கிறது. எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியே. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் கருகியிருக்க வாய்ப்பு மிகுதி. ஏர் கம்ப்ரஸர் உள்ள பட்டறை இன்னொரு படி போகலாம். வால்வுகள் இரண்டும் மூடி, பிஸ்டன் மேலே இருக்கும் நிலையில் பிளக் ஓட்டை வழியே காற்றை அடைத்து, அது எங்கே வெளியேறுகிறது என்று காது கொடுத்தால் போதும். கார்ப்பரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலென்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே வீசினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல் விட்ட ஹெட். வால்வில் கசிவென்றால் ஹெட்டை மட்டும் கழற்றி வேலை முடியும். கேஸ்கெட்டும் அப்படியே. எஞ்சினின் அடிப்பாகத்தைத் தொடவே வேண்டாம்.

வால்வு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சத்தத்தை நம்புகிறவர்கள் நேரெதிராக ஏமாறுகிறார்கள். டேப்பெட் சத்தம் போட்டால் உரிமையாளர் பதறுகிறார். சத்தம் நின்றுவிட்டால் நிம்மதி அடைகிறார். உண்மையில், சற்றே ஒலிக்கும் டேப்பெட்டில் இடைவெளி இருக்கிறது, வால்வு முழுதாக மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இருக்கை தேய்ந்து உள்ளே இறங்க இறங்க அந்த இடைவெளி சுருங்கி, சத்தம் அடங்கி, கடைசியில் வால்வு மூடாமலே நிற்கும். மூடாத வால்வின் விளிம்பைச் சூடான புகை அரித்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் ஈயத்தின் படிவு அந்த இருக்கைக்கு ஒரு காப்பாக இருந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு ஒழிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் கடினப்படுத்தாத இருக்கை கொண்ட பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகள் அந்தக் காப்பை இழந்தன. கேஸ் மாற்றிய வண்டிகளிலும் இதே தேய்மானம் சீக்கிரம் வரும். சத்தமே இல்லாத எஞ்சின் மேட்டில் திணறினால், கேஜை எடுப்பதற்கும் முன் ஃபீலர் கேஜால் டேப்பெட் இடைவெளியைப் பார்ப்பது நல்லது. சில சமயம் கால் மணி நேரச் சரிக்கட்டலோடு கம்ப்ரஷன் திரும்பிவிடும்.

‘இதெல்லாம் சரி, பெட்ரோல்தானே மாறிப்போச்சு, எத்தனால் கலந்ததிலிருந்துதான் வண்டி தட்டுது’ என்ற மறுப்பு இன்று எங்கும் கேட்கிறது. பாதி சரி. இ20 எனப்படும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108. அதைக் கலப்பதால் பெட்ரோலின் தட்டலைத் தாங்கும் திறன் கூடுகிறது. முன்பு 91 என்றிருந்த சாதாரணப் பெட்ரோலின் எண் இப்போது 95 என்று அரசு சொல்கிறது. ஆகவே தீத்தட்டலுக்கு இ20-ஐக் குற்றம் சாட்டுவது தர்க்கத்துக்குப் பொருந்தவில்லை. ஆனால் இழுவைக் குறைவுக்கு அதற்குப் பங்கு உண்டு. எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றிலொரு பங்கு குறைவு. எரிவதற்கு வேண்டிய காற்றும் குறைவு. கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின் பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. அதே ஜெட் வழியே அதே அளவை அனுப்ப, கலவை மெலிந்துபோகிறது. மெலிந்த கலவையில் வண்டி தயங்கும், கார்ப்பரேட்டரில் வெடிக்கும், கம்ப்ரஷன் போனதுபோல நடிக்கும். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பழைய ரப்பர் குழாய்களும் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறிக் கெடுவதும் உண்மை. கேஜில் எண்கள் நன்றாக இருந்து வண்டி மட்டும் திணறினால் ஜெட்டையும் குழாயையும் பாருங்கள். எரிபொருள் மாறுவதும் எஞ்சின் அதற்கேற்ப மாற்றப்படுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது தம் பேருந்துகளைக் கரிவாயுவில் ஓட்ட டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டையே தயாரித்தார்.

தட்டலுக்கு நம் பகுதியில் பெட்ரோலைவிடப் பெரிய குற்றவாளி ரேடியேட்டர் என்பது என் கணிப்பு. ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து நீர்வழி சுருங்கும், எஞ்சின் சூடாகும், தட்டலும் வரும், கேஸ்கெட்டும் போகும். இதற்கு வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு கெட்ட பழக்கம். அது போனால் குறுகிய ஓட்டங்களில் எஞ்சின் தேவையான சூட்டை எட்டாமலே ஓடி, கரி சேர்ந்து, ரிங் தேய்ந்து, சில ஆண்டில் அதே தட்டல் வேறு வழியாகத் திரும்பும். டிஸ்ட்ரிபியூட்டரையும் மறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தால் பொறி முந்தி விழுந்து தட்டும். சிலர் டைமிங்கைப் பின்தள்ளித் தட்டலை அடக்குவார்கள்; சத்தம் போகும், கூடவே இழுவையும் போகும், எக்ஸாஸ்ட் பக்கம் சூடேறும். தடித்த ஆயிலை ஊற்றிப் பேரிங் சத்தத்தை மறைப்பதும் இந்த ரகமே. விற்பனைக்கு வரும் பழைய வண்டியில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

‘முப்பது வருஷம் கை வைத்த மெக்கானிக்கின் காதுக்கு இந்தக் கேஜெல்லாம் எதற்கு’ என்று கேட்கலாம். நல்ல காது எந்த வகைத் தட்டல் என்று சொல்லிவிடும். நீண்ட ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து எந்த சிலிண்டர் என்றும் சொல்லும். அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிட எதுவுமில்லை. ஆனால் மூன்றாவது சிலிண்டரில் 90 இருக்கிறதா 120 இருக்கிறதா என்று எந்தக் காதும் சொல்லாது. தட்டலின் வரலாறே இதற்குச் சாட்சி. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் காருக்குப் பேட்டரிப் பொறி முறையைக் கொண்டுவந்தபோது, எஞ்சின் தட்டுவதற்கு அதுதான் காரணம் என்று பழி வந்தது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளந்து பார்த்தார். பொறி விழுந்த பிறகுதான் அழுத்தம் திடீரென எகிறுகிறது, குற்றம் எரிபொருளில் என்று தெரிந்தது. அதே மிட்ஜ்லி 1921-இல் கண்டுபிடித்த மருந்துதான் ஈயம். அது வேறு கதை.

மற்றொரு மறுப்பு செலவைப் பற்றியது. எப்படியும் பழைய எஞ்சின், பிரித்தால் எல்லாமே தெரியும், சோதனைக்கு ஏன் நேரம் என்பார்கள். பிரித்தால் எல்லாம் தெரியாது. ஹெட்டைக் கழற்றிய கணமே கம்ப்ரஷனை அளக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. அதைவிட முக்கியமானது, போர் அடிப்பது திரும்பப் பெற முடியாத செலவு. லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் பிளாக்கின் இரும்பு குறைகிறது. கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றுதான் ஆக வேண்டும், பிறகு உள்ளே புதிய உருளைச் சுவரைச் செருகும் ஸ்லீவ்தான். ஆழ்வார்குறிச்சியைச் சேர்ந்த எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸைத் தொடங்கியதிலிருந்து பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் நாம் வெளிநாட்டை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது. கடந்த முக்கால் நூற்றாண்டில் பிஸ்டன் மாற்றுவது இங்கே எளிதாகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். எளிது என்பதாலேயே தேவையில்லாத இடத்திலும் மாற்றுகிறோம். உற்பத்தி நின்ற வண்டிகளின் நல்ல பிளாக்குகள் இனி வரப்போவதில்லை.

ராடு பேரிங் உறுதியாகத் தட்டுகிறது, அல்லது ஆயில் விட்டதும் 90 பி.எஸ்.ஐ. 140-க்கு ஏறுகிறது, பிரீதரில் புகை வருகிறது என்றால் தயங்க ஒன்றுமில்லை; எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். பேரிங் தட்டலோடு மலையேறினால் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படி இறக்கும்போது அளந்த எண்கள் எழுதிய தாள் லேத் பட்டறைக்குக் கூடவே போகட்டும். ஹெட் கழன்றதும் பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பார்த்தால் அதில் பொறித்த குறி தெரியும். எதுவும் இல்லை, அல்லது ஸ்டாண்டர்டு என்றிருந்தால் இந்த பிளாக் இன்னும் கடையப்படவில்லை. 050 என்றிருந்தால் ஏற்கெனவே அரை மில்லிமீட்டர் போய்விட்டது. முந்தைய உரிமையாளர் சொல்லாமல் விட்டதை அந்த மூன்று இலக்கம் சொல்லிவிடும்; அடுத்தது பிஸ்டனா ஸ்லீவா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.